குறைத்து எழுதிய எடை

லோங் செரிப் என்னும் மலையூர் விமான நிலையத்தின் ஒரே தராசில் அன்று காலை இன்னும் எவரும் ஏறியிருக்கவில்லை. ஆயினும், மலைப்பனியின் ஈரமும் எரிபொருளின் வாடையும் கலந்து தேங்கியிருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குள், அதன் முள் மூச்சு விடுவதைப் போல மெல்ல ஏறி இறங்குவதை எடை எழுத்தர் லலோங் கண்டான்.

ஊரார் மண்வெட்டி கொண்டு சமன்செய்த குட்டையான ஓடுபாதை அது. ஆகவே பயணிகளையும் சுமையோடு எடைபோட்ட பிறகே விமானத்தில் ஏற்றுவார்கள். சென்ற மாதம் ஏழு பேரை எடைபோட்டபோது, அனைவரும் உறவினர் என்பதால், எவருடைய அரிசி மூட்டையையும் இறக்கச் சொல்ல லலோங்குக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் பத்துக் கிலோ குறைத்து எழுதினான். விமானம் எதிர்மலையைத் தாண்டவில்லை. விசாரணையில் பழி மேகத்தின்மீது விழுந்தது. அவன் வாய் திறக்கவில்லை.

இறந்தவர்களில் ஒருவன் பலாங். இன்று அவனுடைய தம்பி ருரான் வந்திருந்தான். ஒல்லியான பையன். தராசில் ஏறினான். முள் நூற்றுப் பதினெட்டில் நின்றது.

"என்ன மாமா, நேத்து தின்ன பன்னிக்கறி இவ்வளவா கனக்குது?"

"ஆடாம நில்லுடா."

"நான் எங்க ஆடுறேன்? முதுகுல யாரோ தொத்திக்கிட்ட மாதிரி இருக்கு மாமா. ஒரே குளிரு."

அடுத்தவளுக்கும் அப்படியே. அதற்கடுத்தவனுக்கும். ஏழு பேருக்கும். ரப்பர் காலணிகள் இறங்கிச் சென்ற தராசுப் பலகையில், வெறுங்கால்களின் ஈரத் தடங்கள்.

விமானி எட்டிப் பார்த்தார். "அண்ணே, மேகம் இறங்குது. படிவத்தக் குடுங்க. எடையெல்லாம் சரிதானே?"

உண்மையைச் சொன்னால் விமானம் நிற்கும். ஏழு பேரும் பிழைப்பார்கள். ஆனால் அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். பழைய படிவத்தை எடுப்பார்கள். ருரானும் பார்ப்பான்.

லலோங் எழுதினான். ருரான், ஐம்பத்தெட்டு. மற்றவர்களுக்கும் வழக்கமான எடையே.

"சரிதாங்க, கேப்டன்."

இரைச்சல். ஓட்டம். பாதை முடிந்தது. சக்கரம் புல்லை உரசியது. விமானம் எழுந்தது. தாழ்வாக. மிகத் தாழ்வாக.

எதிர்மலையை நோக்கித் திரும்பியபோது சன்னல்கள் தெரிந்தன. இந்தப் பக்கம் நான்கு முகங்கள். ஒவ்வொரு தோளுக்குப் பின்னாலும் இன்னொரு முகம்.

ருரானின் பின்னால் பலாங். லலோங்கைப் பார்த்தான். தம்பியைத் தன்னோடு அனுப்பிவைத்ததற்கு நன்றி சொல்பவனைப் போல, தலையசைத்தான்.