திமிங்கிலத்தின் கழுத்தில் ஒரு சிவப்பு

பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை மாடியிலிருந்த கார்த்திகேசுவின் அலுவலக அறைக்குள் வந்ததுமே வீரம்மா சொன்னார்: "அண்ணே, என் மவன் கிஷன் காரை எடுக்கவே இல்ல. யாருகிட்ட சொன்னா நம்புவாங்க?"

கார்த்திகேசு போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தாய்மார் எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள். பாதிப் பேர் சொல்வது பொய். மீதிப் பேர் சொல்வது மெய்யாக இருந்தும் எடுபடாது. அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "உட்காந்து மெதுவா சொல்லுங்க" என்றார்.

தீபாவளி வாரத்தில் ஓர் இரவு, கிள்ளானில் சாலையைக் கடந்த அமானுல்லா என்ற முதியவரை ஒரு கார் இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போயிருந்தது. கார் துணிக்கடை முதலாளி தம்புசாமியுடையது. அவருடைய டிரைவர்தான் கிஷன். அன்று முதலாளியே காரை ஓட்டிப் போனார் என்றான் கிஷன். தம்புசாமியோ, தான் வேனில் தனியாகச் செகிஞ்சான் கடற்கரைக்குப் போய் நட்சத்திரங்களைப் படம் பிடித்ததாகவும், கிஷன்தான் கேட்காமல் காரை எடுத்திருப்பான் என்றும் சொன்னார். அத்தாட்சியாகப் போலீஸிடம் அந்தப் படத்தையும் கொடுத்திருந்தார். படத்தில் அன்றைய தேதி இருந்தது. கிஷன் லாக்கப்பில் இருந்தான்.

கார்த்திகேசுவின் கூட்டாளி புனிதா துள்ளி எழுந்தாள். "அன்னைக்கு கிள்ளான்ல நல்ல மழை, சார்! எப்படி நட்சத்திரம் தெரியும்? மாட்டிக்கிட்டாரு லா!"

"கிள்ளான்ல மழைன்னா செகிஞ்சான்லயும் மழையா?"

புனிதா உட்கார்ந்துவிட்டாள்.

கிஷனின் வக்கீல் வீரம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்த அந்தப் படத்தைக் கார்த்திகேசு பெரிதாக்கிப் பார்த்தார். திமிங்கிலம் என்று பெயர் பெற்ற நட்சத்திரக் கூட்டம். அதன் கழுத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, பக்கத்து நட்சத்திரங்களுக்குச் சமமாக ஒளிர்ந்தது. தூக்கம் வராத இரவுகளில் அடுக்குமாடி மொட்டைமாடியில் பைனாகுலரோடு நிற்பது அவர் வழக்கம். தீபாவளி வாரத்திலும் அதே கழுத்தைத்தான் துழாவினார். அந்த இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"நாளைக்கு அந்த முதலாளி கடைக்குப் போலாம்" என்றார் சோர்வாக.

மறுநாள் தம்புசாமியின் கடையில், வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டரும் வந்து உட்கார்ந்தார்.

"படம் அழகா இருக்கு, பாஸ். அன்னைக்கு எடுத்ததுதானே? ஒண்ணும் திருத்தலையே?" என்றார் கார்த்திகேசு.

தம்புசாமிக்கு முகம் மலர்ந்தது. "ஒரு புள்ளிகூடத் திருத்தல. அன்னைக்கு வானம் அவ்வளவு கிளியர்."

"இந்தச் சிவப்புக்குப் பேரு மீரா. சில நட்சத்திரம் ஒரேயடியா வெடிச்சுப் பிரகாசமாகும். இது அப்படியில்ல. உப்பும், சுருங்கும். சில மாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும். அப்புறம் மங்கி மங்கிக் காணாமப் போயிரும்."

"அதனால?"

"தீபாவளி சமயம் அது நல்லா மங்கிக் கிடந்துச்சு. நான் மட்டும் சொல்லல. உலகம் பூரா இதை அளக்கிறவங்க இருக்காங்க. அந்த வாரத்துக் கணக்கை இன்ஸ்பெக்டர்கிட்ட கொடுத்திருக்கேன். இவ்வளவு வெளிச்சமா அது கடைசியா இருந்தது போன தைப்பூசத்துக்கு அப்புறம், தீபாவளிக்குப் பல மாசம் முன்னாடி. அப்ப எடுத்த படம் இது."

"அப்ப தேதி?" என்றாள் புனிதா.

"படத்தோட தேதியைக் கம்ப்யூட்டர்லயே மாத்திரலாம். நட்சத்திரத்தையும் மங்கலாக்கியிருக்கலாம். அது மாறும்னு இவருக்குத் தெரியல. அழகுக்குப் படம் எடுக்கிறவர்."

தம்புசாமி மேசையைப் பார்த்தபடி, "நிறுத்தத்தான் நினைச்சேன். காலு பிரேக்குக்குப் போகல" என்றார்.

"அந்தப் பையன்?" என்றார் கார்த்திகேசு.

"சின்னப் பையன், எப்படியாச்சும் வெளிய வந்துருவான்னு..."

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

அன்று மாலையே கிஷனை விடுவித்தார்கள். புனிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கார்த்திகேசுவுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் அமானுல்லாவின் மகள் நஸ்ரின் இதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவள் வீட்டுக்குப் போனார்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த நஸ்ரின் கேட்டாள்: "அப்ப அந்தப் பையன் இல்லையா, அங்கிள்?"

"இல்லம்மா."

"ஸ்டேஷன் வாசல்ல அவங்க அம்மாவைப் பார்த்தேன். புள்ளை வளர்த்த லட்சணமா இதுன்னு கத்தினேன். அவங்க என் கையைப் பிடிக்க வந்தாங்க, தட்டி விட்டுட்டேன்."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தலையில் துப்பட்டாவும் கையில் கார்ச் சாவியும் இருந்தன.

"அவங்க வீடு எங்கன்னு தெரியுமா, அங்கிள்?"

கார்த்திகேசு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். "வாம்மா, காட்டுறேன்."