மே மாதத்தில் பூக்காத செடி

ரியோ நகருக்கு மேலே இருக்கும் எங்கள் மலையூரில் அன்னையர் தினம் என்றால் மே பூதான். காட்டு மரக் கிளைகளில் தொற்றி வளரும் முள்ளில்லாத கள்ளி அது. இலையே கிடையாது. தட்டைத் தண்டுகள் துண்டு துண்டாகக் கோத்த மாதிரி தொங்கும். மே பிறந்தால் ஒவ்வொரு நுனியிலும் இளஞ்சிவப்புப் பூ.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், அம்மாவுக்குக் கொடுப்பதற்காக ஆளுக்கொரு எண்ணெய் டப்பாவில் ஒரு துண்டு நட்டு வளர்த்தோம். எல்லோரும் பள்ளித் தோட்டத்து மரத்திலிருந்து கிள்ளினார்கள். என்னுடையது மட்டும், லாரி ஓட்டும் அப்பா தெற்கே பரனா மாநிலத்திலிருந்து கொண்டுவந்தது.

மே வந்தது. எல்லா டப்பாவிலும் பூ. என் டப்பாவில் ஒரு மொட்டுகூட இல்லை.

"ஏய் ஜுரேமா, உன் செடி தூங்குதா?" என்றான் அடாவுத்து. "எழுப்பி காப்பி குடு!"

வகுப்பே சிரித்தது.

"என் பூவுல ரெண்டு தரேன்டி. நூல்ல கட்டிடலாம்" என்று கிசுகிசுத்தாள் கிளெவுசா.

"எங்கம்மா நூல் மில்லுல வேலை பாக்கறாங்க. முடிச்சைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிடுவாங்க!"

டோனா ஒலிந்தா டீச்சர் பூத்த டப்பா ஒன்றை நீட்டினார். "இது மிச்சம் இருக்கும்மா, எடுத்துக்கோ. உன்னுது பூக்காது போல. எருக்குழியில போட்டுடலாம்."

ஈரத்துணியில் சுற்றி, இரண்டு நாள் பக்கத்து சீட்டில் வைத்து அப்பா கொண்டுவந்த செடி அது. இரண்டு டப்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தேன்.

"டீச்சர், இங்க பாருங்களேன்! மே பூச்செடியோட ஓரம் நண்டுக் கொடுக்கு மாதிரி கூரா இருக்கு. என்னுது வளைவா இருக்கு. நுனியில பூனை மீசை மாதிரி முடி வேற. என்னுது வேற செடி டீச்சர்!"

"பூக்கலைன்னதும் கதை விடறா" என்றான் அடாவுத்து.

டீச்சர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து தடித்த செடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"அட, ஜுரேமா சொல்றது சரிதான்! ரெண்டும் சொந்தக்காரங்க, ஆனா ஒண்ணு இல்ல. அவளோடதை எந்தப் பேரினத்துல சேக்கறதுன்னு படிச்சவங்களுக்கே சண்டையாம். மூணு தடவை இடம் மாத்தியிருக்காங்க."

"பாவம், வாடகை வீடு போல" என்றாள் கிளெவுசா.

"இது பூக்கறது நம்ம ஊருக்கு வசந்தம் வர்ற அக்டோபர்ல" என்று டீச்சர் புத்தகத்தை மூடினார்.

அன்னையர் தினமான ஞாயிற்றுக்கிழமை, பூ இல்லாத டப்பாவையே அம்மாவிடம் கொடுத்தேன்.

"அஞ்சு மாசம் பொறுக்கணும்மா."

"உனக்கு ஒன்பது மாசம் பொறுத்தேன். இது ஒரு பெரிய விஷயமா?" என்று அம்மா அதை ஜன்னலில் வைத்தாள்.

அக்டோபரில், ஊரில் ஒரு மே பூகூட இல்லாத நேரத்தில், எங்கள் ஜன்னலில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிவப்புப் பூக்கள்! மில்லுக்குப் போகிற எல்லோரையும் அம்மா நிறுத்தி நிறுத்திக் காட்டினாள்.

ஒருநாள் அடாவுத்து வாசலில் வந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மா ஒரு துண்டு கேட்டாங்க" என்றான்.

இரண்டு துண்டு கிள்ளிக் கொடுத்தேன். மறுநாள் கிளெவுசா வந்தாள். அப்புறம் டீச்சரும் வந்தார்.

சில வருடங்களில், எங்கள் தெருவுக்கு வருடத்தில் இரண்டு பூக்காலம் வந்துவிட்டது.