சனிக்கிழமை பதினோரு மணி

மூன்று பேர் குடிவந்த வீட்டுக்கு இரண்டு காதுக் கவசங்கள்தான் வந்திருந்தன. புல்வெட்டும் எந்திரத்தின் இரைச்சல் கேட்காமலிருக்கத் தலையில் மாட்டிக்கொள்வார்களே, அவைதான். கறுப்பில் பெரியது ஒன்று, ரோஸ் நிறத்தில் சின்னது ஒன்று. கடைசி வீட்டு ஆர்வில் டக்கெட் ஒரு சீசா பீச் ஜாமோடு சேர்த்துக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். பெரியதை ரெட்டா மாட்டிப் பார்த்தாள். தாடைவரை நழுவியது. அவள் கணவன் கிளின்ட்டின் தலைக்கு அது கச்சிதமாக இருந்தது. சின்னது ஆறு வயது போஸிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. வயசாளி, எண்ணிக்கையில் கோட்டை விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நம்ம தெருவுல சங்கம் கிங்கம் ஒண்ணும் கிடையாதும்மா," என்றார் டக்கெட், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "சனிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாரும் ஒண்ணா மிஷினை ஓட்டுவோம். ஒரு கால் மணி நேரம். அவ்வளவுதான். மத்தபடி யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனை அலைச்சல்! ஆஸ்டின் நகருக்கு வெளியே முன்பிருந்த இடத்தில் குடியிருப்போர் சங்கம் அவள் உயிரை வாங்கியிருந்தது. புல் இரண்டு விரற்கடை வளர்ந்தால் கடிதம், குப்பைத்தொட்டி தெருவிலிருந்து தெரிந்தால் கடிதம். போஸிக்காக கிளின்ட் மரத்தில் ஒரு விளையாட்டு வீடு கட்டி மஞ்சள் அடித்தான். சங்கத்தின் வண்ணப் பட்டியலில் மஞ்சள் இல்லையாம். கட்டியவனே கடப்பாரையால் பிரித்தான், குழந்தை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புகார் எழுதியது தினமும் கையசைத்துச் சிரிக்கும் பக்கத்து வீட்டுக்காரி. அன்று ரெட்டா சத்தியம் செய்தாள்: சங்கம் இல்லாத தெருவில்தான் இனி வீடு, அடுத்த வீட்டைப் பற்றி ஒருநாளும் யாரிடமும் புகார் சொல்வதில்லை.

பதினொரு மாதம் ஞாயிறுதோறும் காரில் சுற்றி இந்தத் தெருவைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சாலையின் முடிவில் ஏழு வீடுகள், ஓக் மரங்கள், பின்னால் வெறும் காடு. வந்த வாரமே கிளின்ட் மறுபடி மஞ்சள் வீட்டைக் கட்டிவிட்டான். போஸி மதியத்தில் அதற்குள்ளேயே தூங்கினாள். ரெட்டாவுக்கு அழுகையே வந்தது. இந்த வீட்டை இனி யாருக்காகவும் விடப்போவதில்லை.

முதல் சனிக்கிழமை. அவள் சமையலறையில் இருந்தாள். பதினோரு மணிக்கு ஆறு எந்திரங்களும் ஒரே நேரத்தில் செருமிக்கொண்டு கிளம்பின. பெட்ரோல் புகையும் வெயிலில் வாடிய புல்லின் வாசனையும் ஜன்னல் வலை வழியாக உள்ளே வந்தன, மேடையில் வைத்திருந்த டீ டம்ளரில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. ஆனால் யாரும் நடக்கவில்லை. புல் ஏற்கெனவே வெட்டித்தான் இருந்தது. அவரவர் கைப்பிடியைப் பிடித்தபடி, தெருவுக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்து நின்றார்கள். கால் மணி நேரம். பிறகு எல்லாம் ஒன்றாக நின்றன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த வீட்டிலும் ஆள் முழுசாக இல்லை. இரண்டு பெண்களோடு ஓர் அப்பா. கைக்குழந்தையோடு ஒரு தாய். எதிர்வீட்டில் மட்டும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். டெல், நடீன். வசந்தத்தில் வந்தவர்கள். நடீன் சத்தமாகச் சிரிப்பவள், போஸிக்குப் பறக்கவிட ஒரு பட்டம் கொடுத்திருந்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை கிளின்ட்டும் அக்கம்பக்கத்து மரியாதைக்காக எந்திரத்தை வெளியே எடுத்தான். போஸியும் ரோஸ் கவசத்தை மாட்டிக்கொண்டு பெருமையாக அவனருகில் நின்றாள். இருவரும் வேலியைப் பார்த்தபடி நின்றார்கள். ரெட்டா சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நடீன் வெறுங்காலோடு புல்லில் ஓடிவந்தாள். பின்னால் டக்கெட், அவசரமே இல்லாமல், வேலிக்கம்பு அடிக்கிற சம்மட்டியோடு. முதல் அடி முழங்காலில் விழுந்தது. கால் போகக்கூடாத பக்கம் மடங்கியது. அவள் கைகளால் ஊர்ந்தாள். இரண்டாவது அடி கையில். வாய் அகலத் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் எந்திரங்கள் விழுங்கின. பத்தடி தள்ளி டெல் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடீன் தலையைத் தூக்கி நேராக ரெட்டாவின் ஜன்னலைப் பார்த்தாள்.

ரெட்டா திரையை இறக்கினாள்.

அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாய் பீய்ச்சும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கிளின்ட்டிடம் சொன்னாள். பாதி விழுங்கிச் சொன்னாள். அவன் எதையும் பார்க்கவில்லையாம். "புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும். நீயும் புகார் எழுத ஆரம்பிச்சுட்டியா?" என்றான். போலீசைக் கூப்பிட போனை எடுத்தாள். மஞ்சள் வீட்டுக்குள்ளிருந்து போஸி பாடுவது கேட்டது. இந்த வீடு போய்விடும். போனை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை டெல் வழக்கம்போல் கையசைத்தான். அவளும் அசைத்தாள். அந்தக் கையை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை டக்கெட் வேலியோரம் நின்று, போஸி இருந்த மஞ்சள் வீட்டை ஒருமுறை காட்டி, கிளின்ட்டிடம் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்த கிளின்ட் சாப்பிடவில்லை. போஸியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் உச்சந்தலையை முகர்ந்துகொண்டே இருந்தான். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டான்.

"நடீன் விஷயத்துல நீ யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்ல."

"நானும் சொல்லல," என்றான். அழுதான்.

மூன்றாவது சனிக்கிழமை விடிந்ததிலிருந்து கார் சாவியைக் காணவில்லை. ரெட்டா இழுப்பறைகளைக் கவிழ்த்துத் தேடினாள். போஸியைத் தூக்கிக்கொண்டு நடந்தாவது போய்விடலாம் என்று பின்கட்டுக்கு வந்தாள். மஞ்சள் வீடு காலி. சமையலறைக்குள் திரும்பி ஓடிவந்தாள். கடிகாரம் பதினொன்றைத் தொட்டது.

எந்திரங்கள் கிளம்பின. எண்ணினாள். ஐந்து. பிறகு, மிக அருகில், ஆறாவது.

பின்கதவில் டக்கெட் நின்றார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மேடையிலிருந்த ஜாம் சீசாவை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள், நெற்றி கிழிந்தது. ரத்தமும் ஜாமும் கன்னத்தில் வழிந்தன. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லை. சம்மட்டி அவள் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்ததை உணர்ந்தாள், காதால் அல்ல, பல்லால்.

முன்வாசல் வழியாக விழுந்தடித்து வெளியே வந்தாள். வெயில். புல். அடுத்த அடி இடுப்பில். கால்கள் இல்லாததுபோல் ஆயின. ஒற்றைக் கையால் ஊர்ந்தாள். ஆறு முதுகுகள். டெல்லின் முதுகு. கைக்குழந்தைக்காரியின் முதுகு.

கிளின்ட்டின் முதுகு. அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

அவனருகில் போஸி. ரோஸ் கவசம். காலடியில் புல் அதிர்ந்ததோ என்னவோ, குழந்தை மெல்லத் தலையைத் திருப்பத் தொடங்கினாள். கன்னம் தெரிந்தது. ஒரு கண்ணின் ஓரம் தெரிந்தது.

கிளின்ட்டின் கை இறங்கியது. குழந்தையின் தலையை மெதுவாகப் பிடித்து, வேலியின் பக்கம் திருப்பி வைத்தது.