மேலே வராத மணல்

காலையில் தங்கையின் அழைப்பு வந்தபோது பிலோமினா குழாயடியில் நின்றிருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு அங்க யாராச்சும்..." என்று ஜெசிந்தா இழுத்தாள். முழுதாகக் கேட்க அவளுக்கு வாய் வராது.

"இல்லடி. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

நல்ல சேதிதான். அதற்கு இருவரும் வருத்தப்பட்டார்கள். என்ன பிழைப்போ!

கடல் ஏறிக் கரையூர்களை விழுங்கிய பிறகு வந்த சட்டம் அப்படி. நிலத்தடித் தேக்கத்தில் எத்தனை பேருக்கு நீர் உண்டோ, அத்தனை பேருக்குத்தான் ஊரில் இடம். செம்பாறையூரில் ஒருவர் கண்ணை மூடினால்தான் ஊர்வாசலில் இன்னொருவருக்கு வழி. நிறைமாத ஜெசிந்தா வாசலுக்கு வெளியே கூடாரத்தில் காத்திருந்தாள். வெளியே பிறக்கும் பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

பிலோமினாவுக்கு நீர்க்கணிப்பு நிலையத்தில் வேலை. புதிய ஆழ்துளைகளிலிருந்து உருளை உருளையாக வெட்டியெடுத்த பாறைத்தண்டுகளையும், அதே துளைகளுக்குள் உணரி இறக்கி எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பதிவு செய்த வரைவுகளையும் 'ஒப்புநோக்கி' இயந்திரம் சேர்த்துப் பார்த்திருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கல்லை நம்பு, வரைவைத் தள்ளு என்று அது மேதாவித்தனமாகத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. முழுக்கக் கெட்டிப்பாறை, நீர் இல்லை.

அவளுக்கு மனம் ஆறவில்லை. தட்டில் கிடந்த தண்டில் ஒரு கறுப்புக் களிமண் பட்டை இருந்தது. வரைவிலும் அதே பட்டை, ஆனால் இரண்டு மீட்டர் கீழே. சட்டென்று பொறி தட்டியது. துளைத்த நீளத்துக்கு ஈடாகக் கல் கிடைக்கவில்லை. இயந்திரம் இடைவெளியை மூடித் துண்டுகளை நெருக்கி அடுக்கியிருக்கிறது! நடுவில் இடம்விட்டுக் கீழ்த்துண்டுகளை நகர்த்தினாள். களிமண் களிமண்ணோடு பொருந்தியது. அதற்குக் கீழே ஒவ்வொரு அடுக்கும் பொருந்தியது. மற்றத் துளைகளின் தட்டுகளுக்கு ஓடினாள். அங்கும் அப்படியே. சந்தோஷத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூவினாள்.

"சார், ஓடி வாங்க!"

தலைமைப் பொறியாளர் குலசேகரன் வந்து காலி இடத்தைப் பார்த்தார். "கல்லே இல்லாத இடத்துல தண்ணி இருக்குன்னு எப்படிம்மா எழுதறது?"

"கல்லு இல்லாததுதான் சார் சாட்சி. அங்க இருக்கறது உதிரி மணல். துளை போடறப்பவே தண்ணியோட அரிச்சுட்டுப் போயிருச்சு, மேல வரல. வரைவைப் பாருங்க. அதே ஆழத்துல தண்ணி ஊறின மணல்னு காட்டுது. எல்லாத் துளையிலயும்!"

அவர் வரைவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "அடேயப்பா! பம்பை இறக்கச் சொல்லு!" என்று கத்தினார்.

நாள்கணக்கில் இறைத்தும் நீர்மட்டம் அசைந்து கொடுக்கவில்லை. வாசல் பலகையில் காலியிடங்களின் எண், யாரும் சாகாமலே, முதன்முறையாக ஏறியது.

பிலோமினா தங்கையைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தாள். காவலர் பழக்கதோஷத்தில் கேட்டார், "யாருக்குப் பதிலாம்மா?"

"யாருக்கும் பதிலா இல்லண்ணே," என்றாள் ஜெசிந்தா, வயிற்றைத் தடவிக்கொண்டு. "ரெண்டு பேருன்னு எழுதிக்குங்க."