கதவில் தொங்கிய கஞ்சி

மழையில் முதலில் வழுக்கியது ஸ்கூட்டர். அதில் வந்தவன் தனியாக வழுக்கிக்கொண்டு வந்தான்... மருந்துக் கடை வாசல் வரைக்கும்.

சோம் கல்லாவை விட்டு எழுந்து ஓடினாள். கீழே கிடந்தவன் நெட்டையான வெள்ளைக்காரன். முழங்கையில் ரத்தம். கண்கள் மட்டும்... மழை கழுவிவிட்ட இலையின் பச்சை. ‘அடிபட்டவனின் கண்ணையா பார்ப்பது?’ என்று தன்னையே திட்டிக்கொண்டு கை கொடுத்தாள்.

“நன்றி” என்றான், அவளுடைய தாய்லாந்து மொழியிலேயே.

நாற்காலி போட்டாள். நன்றி. பஞ்சை எடுத்தாள். அதற்கும் நன்றி. மருந்து பட்டு எரிந்தபோது, “ஆ... நன்றி!”

கட்டுப் போட்டு முடிந்ததும் எழுந்து நின்று எல்லாரையும் கைகூப்பிக் கும்பிட்டான். சோமை, மாத்திரை வாங்க வந்த கிழவரை, மழைக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடச் சிறுமியை. சிறுமி அலறினாள்.

“அக்கா! இந்த ஆளு என்னைக் கும்பிட்டுட்டாரு! என் ஆயுசு குறைஞ்சிடுமே!”

“குறையாதுடி. வெளிநாட்டுக் கும்பிடு இங்க செல்லாது.”

“தப்பு பண்ணிட்டேனா?” என்று அவன் விழித்தான்.

“பெரியவங்க சின்னவங்களைக் கும்பிடக் கூடாது.”

“அப்போ உங்களைக் கும்பிட்டது?”

“என் வயசு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்படியே இருக்கட்டும்.”

அவன் பெயர் டங்கன். ஸ்காட்லாந்துக்காரன். பெட்சபுரி ஆற்றில் கட்டும் புதுப் பாலத்துக்கு என்ஜினீயர். கடைக்குப் பின்தெருவில் வான்னா அத்தையின் மாடியில் குடியிருந்தான். காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. அவன் வருவது நிற்கவில்லை. ஒருநாள் இருமல் மிட்டாய், ஒருநாள் தலைவலித் தைலம். இருமலும் இல்லை, தலைவலியும் இல்லை என்பது சோமுக்குத் தெரியும். தெரிந்தும் மிச்சச் சில்லறையை மெதுவாகத்தான் எண்ணிக் கொடுத்தாள்.

ஒரு மாலை, பளபளக்கும் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினான். “எங்க அம்மா பின்னினது. உங்களுக்கு.”

சோம் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய பொருளைக் கொடுத்தவர் முன்னாலேயே கிழித்துப் பார்ப்பதற்கு அவள் என்ன பரிசுக்கு அலைந்தவளா? பொட்டலத்தைப் பத்திரமாக மேசைக்கு அடியில் வைத்தாள். “இன்னைக்கு மழை ஜாஸ்தி இல்ல?” என்றாள்.

டங்கன் காத்திருந்தான். “பிரிச்சுப் பார்க்கலையா?”

“அப்புறம்...”

அவன் முகம் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கன்னம் சிவந்தது தெரியக் கூடாதே என்று குனிந்திருந்தாள்.

வீட்டில் கதவைத் தாழிட்டுவிட்டுப் பிரித்தாள். கம்பளி மஃப்ளர்! ஊரே வேர்வையில் குளிக்கும் சமயத்தில், மின்விசிறிக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேர்க்க வேர்க்கச் சிரித்தாள்.

மறுநாள் விடியுமுன்பே எழுந்து, பன்றிக்கறி போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டால் இறுக்கி, டங்கனின் வீட்டு வெளிக்கதவில் சூடாக மாட்டிவிட்டு வந்தாள். தினமும் மாட்டினாள். வேறு யார் மாட்டப் போகிறார்கள்? அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவனுக்குத் தெரியவில்லை. நாளுக்கு நாள் அவன் பேச்சு குறைந்தது. கடைசியில் ஒருநாள் வாய்விட்டே கேட்டான்.

“எங்க அம்மா பின்னினது பிடிக்கலையா சோம்? ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே.”

தினமும் கஞ்சியைக் குடித்துவிட்டு இப்படியும் ஒரு கேள்வியா! அவளுக்குச் சுருக்கென்றது.

“எதுக்கு? கொடுத்ததுக்கு ரசீது வேணுமா?”

அவன் மழையில் இறங்கிப் போனான். அதன் பிறகு வரவில்லை. கஞ்சியை நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைத்தாள். விடிந்தால் கை தானாக அடுப்பைப் பற்றவைத்தது.

வெள்ளிக்கிழமை வான்னா அத்தை மூட்டுவலித் தைலம் வாங்க வந்தாள்.

“ஏண்டி, என் மாடி காலியாகப் போகுதுடி. தெற்கே சோங்க்லாவுல இன்னொரு பாலமாம், கூப்பிட்டிருக்காங்களாம். நாளைக்கு அவங்களுக்கு வரேன்னு பதில் சொல்லிடப் போறான்.”

சோம் தைலப் புட்டியை எடுத்த அலமாரியிலேயே திரும்ப வைத்தாள்.

“நல்ல பையன். தினமும் காலையில, ‘நன்றி அத்தை, கஞ்சி ரொம்ப நல்லா இருந்துச்சு’ன்னு கும்பிடுவான்.”

“நீங்க எங்க கஞ்சி கொடுத்தீங்க அத்தை?”

“கொடுக்கலையே! அவன் மின்விசிறிக்கும் நன்றி சொல்றவன். இதுல எதைன்னு நான் கேக்கறது?”

மறுநாள் விடிகாலை. தூறல். சோம் பையை மாட்டினாள். வழக்கம்போல உடனே திரும்பவில்லை. கதவைத் தட்டினாள்.

டங்கன் கலைந்த தலையோடு வந்து நின்றான். பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பச்சைக் கண்கள் விரிந்தன.

“இது... நீங்களா?”

“வேற யாரு? அத்தைக்குச் சுடுதண்ணிகூட வைக்க வராது!”

“ஏன் சொல்லலை?”

“சொல்லிட்டா குடுப்பாங்க? உங்களுக்கே தெரியும்னு நினைச்சேன். உங்க பரிசுக்கு ஒரு வார்த்தையைச் சொல்லிக் கணக்கை முடிச்சுக்கத் தோணலை. அதான் அடுப்புல காய்ச்சினேன்.”

“நான்... எங்கம்மா காபி கொடுத்தாக்கூட நன்றி சொல்லுவேன். நீங்க சொல்லலைன்னதும், உங்களுக்கு நான் யாரோதான்னு நினைச்சுட்டேன்.”

“நீங்க சொல்லச் சொல்ல, நான்தான் உங்களுக்கு யாரோன்னு எனக்குத் தோணுச்சு. பஸ்ல சில்லறை கொடுத்த ஆளு மாதிரி...”

மழை இருவருக்கும் நடுவில் மெல்லிசாகப் பெய்தது. அவள் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சோங்க்லா போகாதீங்க. எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. பிடிக்காத ஆளுக்கு யாராவது கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து கறி நறுக்குவாங்களா?”

அவன் உதடு வழக்கம்போல ஒரு வார்த்தைக்குக் குவிந்தது. அவள் விரலை நீட்டி எச்சரித்தாள்.

“அதைச் சொன்னீங்க... நானே ரயில் ஏத்தி அனுப்பிடுவேன்.”

“அப்போ என்னதான் சொல்றது?”

“நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. உப்பு கம்மின்னு சொல்லுங்க. நாளைக்கு என்னன்னு கேளுங்க.”

அவன் கதவை அகலத் திறந்தான். “நான் போகலை சோம். எனக்கும் பிடிச்சிருக்கு. வந்த அன்னைக்கிலேர்ந்து... ஆமா, நாளைக்கு என்ன?”

சோம் தலை நிமிர்ந்து அவன் கண்ணையே பார்த்தாள். இந்த முறை தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

“நாளைக்கு நீங்க காய்ச்சறீங்க. நான் தூங்கப் போறேன்.”