நலிவுமானியின் பச்சை

மருதப்பேட்டையின் நலிவுமானி அன்று காலையும் இறங்கியிருந்தது. தெருமுனை உலோகத் தூணில் ஒளிர்ந்த எண்ணைச் சுகந்தா அண்ணாந்து பார்த்தாள். மின்செலவு, கடை வியாபாரம், நோய்நொடி என எல்லாவற்றையும் தானே அளந்து, ஊரின் வறுமையை ஒற்றை எண்ணாகக் காட்டும் கருவி அது. எண் சிவப்பில் இருக்கும் பேட்டையில் கட்டடம் எழுப்பியோ வாங்கியோ, பத்து வருடம் கழித்து விற்றால் லாபத்துக்கு வரி கிடையாது. இடையில் எண் இறங்கிப் பச்சையானால் வரி முழுவதும் வட்டியோடு வந்து விழும்.

வார்ப்பட ஆலைகள் மூடிக்கிடந்த அந்தப் பேட்டையில், கணவர் விட்டுப்போன பணத்தையெல்லாம் போட்டுக் குடியிருப்பு கட்டினாள் சுகந்தா. கீழ்த்தளத்தைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வாடகையில்லாமல் கொடுத்தாள். ஊர் தேறியது. அதுவே வினையாகிவிட்டது.

"இன்னும் ஒரு வருஷந்தானுங்க மேடம். ஆஸ்பத்திரிய மூடிட்டா எண் ஏறிருமுங்க," என்றார் முதலீட்டு ஆலோசகர் ரியாஸ்.

"பிரசவத்துக்கு வர்றவங்க எங்க போவாங்க?"

"அவங்க படற சிரமத்தத்தானுங்க மானி அளக்குது."

அன்றிரவு அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரி கட்டினால் குடியிருக்கும் வீடும் போய்விடும். மறுநாள் நர்ஸ் செல்வராணியைக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் பொறுத்துக்க. நானே மறுபடி தெறந்து தர்றேன்," என்றாள். செல்வராணி சாவியை மேஜைமேல் வைத்தாள்.

மானி சிவப்பிலேயே நின்றது. வருடம் முடிந்ததும் வாங்க ஆள் வந்தது. சூரத்திலிருந்து வந்த கம்பெனிக்காரர் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. தூணைத்தான் பார்த்தார்.

"எங்களுக்குப் பத்து வருஷம் இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது," என்றார். "இங்க இனி ஆஸ்பத்திரி வரக்கூடாது. பத்திரத்துல எழுதிடுவோம்."

சுகந்தா ரியாஸைப் பார்த்தாள். "இந்த ஷரத்து இல்லாம வேற யாராச்சும்..."

"இப்பல்லாம் எல்லாருமே அதத்தான் கேக்கறாங்க மேடம்."

கையெழுத்துப் போட்டாள். வரியில்லாத முழு லாபமும் கைக்கு வந்தது. பதிவு அலுவலக வாசலில் செல்வராணி காத்திருந்தாள்.

"வருஷம் முடிஞ்சிருச்சுங்க. ஆஸ்பத்திரிய மறுபடி தெறக்கறதுக்குத்தானுங்களே வந்தீங்க? எந்தத் தேதின்னு சொன்னீங்கன்னா டாக்டரம்மாவுக்குத் தகவல் சொல்லிருவேன்."

சுகந்தா திறந்த காரின் கதவை மறுபடி சாத்தினாள். ஷரத்து எழுதியிருந்த பத்திர நகலைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.