சிட்டு வெளியே போனாள்

சிட்டுவின் அம்மா தையல் கடையில் மயங்கி விழுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். அதனால் இந்த மூன்று நாளாக ஆஸ்பத்திரியின் பதினான்காம் எண் கட்டில்தான் சிட்டுவுக்கும் வீடு.

சாயங்காலம் நர்ஸ் படிவத்தோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே மளமளவென்று கேட்டார்.

"வலி இருக்காம்மா?"

"இல்ல சிஸ்டர்."

"சாப்பிட்டீங்களா?"

"நல்லா சாப்பிட்டேன்."

"தூக்கம்?"

"அதுக்கென்ன குறைச்சல்?"

மூன்றுமே பொய். மதியம் ரொட்டியை அம்மா காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டதைச் சிட்டு பார்த்திருந்தாள். ராத்திரி முழுக்க வலியில் தலையணையைக் கடித்ததையும் பார்த்திருந்தாள்.

"சிஸ்டர், அம்மாவுக்கு வயிறு வலிக்குது!"

அம்மா சிரித்தாள். "இவ இப்படித்தான் சிஸ்டர். நான் தும்மினாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவா."

நர்ஸும் சிரித்துவிட்டார். "ரத்தப் பரிசோதனையில பெருசா ஒண்ணும் இல்ல. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

பெரியம்மாவும் இப்படித்தான் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நோய் ஊர் உலகத்துக்குத் தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. இப்போது அம்மாவும் போய்விட்டால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று கவனித்திருந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அம்மா சிட்டுவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

சிட்டு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நர்ஸின் பின்னாலேயே ஓடினாள்.

"சிஸ்டர், அம்மாகிட்ட திரும்பக் கேளுங்க."

"கேட்டுட்டேனே பாப்பா. இன்னும் பதினோரு கட்டில் பாக்கி."

"நான் பயந்துடுவேன்னு பொய் சொல்றாங்க. நான் வெளிய இருக்கேன். நீங்க உக்காந்து கேளுங்க."

"ஏன் உக்காரணும்?"

"நின்னா, கிளம்பற மாதிரி இருக்கு சிஸ்டர்."

நர்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பதினான்காம் கட்டிலைச் சுற்றித் திரை இழுபடும் சத்தம் கேட்டது.

சிட்டு குழாயடியில் பாட்டிலை நிரப்பினாள். கொட்டினாள். மறுபடி நிரப்பினாள்.

திடீரென்று திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் அழுகை கேட்டது. அம்மா அப்படி அழுது அவள் கேட்டதே இல்லை. உள்ளே ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளத் துடித்தாள். ஆனால் அவள் தலை தெரிந்தால் போதும், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். சிட்டு குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நர்ஸ் வெளியே வந்தபோது படிவத்தின் பின்பக்கமும் நிறைந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"அதை உங்கம்மாதான் உனக்குச் சொல்லணும். நாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டாம். டாக்டர்கிட்ட பேசி, இப்பவே ஸ்கேன் எடுக்க ஏற்பாடு பண்றேன்."

"அம்மாவுக்குச் சரியாயிடுமா சிஸ்டர்?"

நர்ஸ் குனிந்து அவள் தோளில் கை வைத்தார். "தெரியல பாப்பா. ஆனா எங்க தேடணும்னு இப்போ தெரிஞ்சிடுச்சு."

சிட்டு உள்ளே போனாள். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. அம்மா சிரிக்கவில்லை.

"ரொம்ப நாளா வலிக்குதுடி. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்மா."

சிட்டு கட்டிலில் ஏறி அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் அழுதார்கள்.

ஸ்கேனுக்குக் கூட்டிப்போகத் தள்ளுவண்டி வந்தது. சிட்டு தானாகவே விலகி நின்றாள்.

அம்மா கையை நீட்டினாள். "நீயும் வா சிட்டு."